பினாங்கு வெயிலை நம்பிக் கோலாலம்பூரில் மிளகாய் காயப்போடாதீர்கள்

பினாங்குத் தமிழர் வீடுகளில் தை, மாசி என்றாலே மிளகாயும் மல்லியும் காயும் வாசனைதான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிறவர்களைக் கேட்டால் தெரியும், ரோட்டில் கால் வைக்க முடியாது, அப்படிச் சுடும். அந்த இரண்டு மாதத்துக்குள் வருடத்துக்கான மசாலைத்தூள், மோர்மிளகாய், வடகம் எல்லாவற்றையும் முடித்து டின்னில் அடைத்துவிடுவது அங்கே பெரியவர்கள் போட்டுவைத்த கணக்கு. பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் அந்தக் கணக்கிலேயே மசாலை அரைத்து விற்றுவந்த குடும்பம் எங்களுடையது. கோலாலம்பூரில் செந்தூலுக்குக் குடிமாறி வந்தபின் முதல் தை மாதத்தில் அதே வேலையை அதே முறையில் தொடங்கியதில் சரக்கும் போயிற்று, பணமும் போயிற்று. இரண்டு ஊரும் ஒரே நாட்டில், ஒரே மேற்குக் கரையில்தானே இருக்கின்றன, மழை மட்டும் எப்படி வேறாக இருக்கும் என்று யாரும் கேட்டதுமில்லை, சொன்னதுமில்லை. சொல்லியிருந்தால் சுமார் 1,700 ரிங்கிட் மிஞ்சியிருக்கும். வீட்டிலிருந்தே மசாலை, வத்தல், வடகம் செய்து விற்கிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். 30 கிலோ காய்ந்த மிளகாய், 40 கிலோ மல்லி, கூடவே சோம்பு, சீரகம், விரலி மஞ்சள். எல்லாம் கழுவி, நீர் வடியவிட்டு, வீட்டு முன்புறம் கேன்வாஸ் விரித்துப் பரப்பியாயிற்று. காலை வெயில் குறையே சொல்ல முடியாதபடி இருந்தது. மதியம் இரண்டரைக்கு மலைப்பக்கம் கறுத்தது. மூன்று மணி தாண்டியதும் கொட்டித் தீர்த்தது. மடமடவென்று சுருட்டி உள்ளே கொண்டுவந்தாலும், பாதி காய்ந்த சரக்கு கேன்வாஸுக்குள் புழுங்க ஆரம்பித்துவிட்டது. மறுநாள் மூட்டம். அதற்கடுத்த நாள் வெயில் அடித்தது, திரும்பவும் அதே நேரத்துக்கு மழை. மூன்றாம் நாள் சாயங்காலம் மிளகாயைக் கையில் எடுத்தபோது காம்பு ஒட்டியிருக்கும் இடத்தில் பஞ்சுபோல வெள்ளைப் பூசணம். ஒன்றைக் கீறிப் பார்த்தால் வெளியே சிவப்பு மாறவில்லை, உள்ளே விதையைச் சுற்றி சாம்பல் நிறத்தில் நூல் ஓடியிருந்தது. மில்லில் ஒரு பிடி அள்ளிக் கசக்கிப் பார்த்தார்கள். நொறுங்கவில்லை, துவண்டு மடங்கியது. ஈர மிளகாயைப் போட்டால் இயந்திரத்தில் அப்பிக்கொள்ளும் என்று அரைக்க மறுத்துவிட்டார்கள். மறுத்தது நல்லதுதான். அன்றைக்கு வயிறு எரிந்தது வேறு விஷயம்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பூசணம் பிடித்த மிளகாயைத் துடைத்துவிட்டு, வறுத்துவிட்டு அரைக்கலாம் என்று ஆலோசனை சொல்ல ஆள் வருவார்கள். வேண்டவே வேண்டாம். மிளகாய், மல்லி, கடலை போன்றவற்றில் பிடிக்கும் சில பூசணங்கள் அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கல்லீரலைக் கெடுக்கிற அந்த நஞ்சு, வீட்டு அடுப்பில் வறுக்கிற சூட்டுக்கெல்லாம் முழுதாக அழியாது. கெட்டதைக் கொட்டத்தான் வேண்டும். கொட்டினோம். வாங்கியிருந்த ஆர்டருக்கு வெளியில் தூள் வாங்கிக் கொடுத்தோம். நட்டத்தில் பாதி அதில் வந்ததுதான்.

இனி இரண்டு ஊர் மழைக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்போம். பினாங்கில் பாயான் லெப்பாஸ் வானிலை நிலையத்தின் நீண்டகாலச் சராசரிப்படி சனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் தலா 70 மி.மீ. அளவில்தான் மழை. செப்டம்பர், அக்டோபர் வந்தால் அதுவே 350 மி.மீ.யைத் தாண்டும். கோலாலம்பூரில் சனவரி, பிப்ரவரியிலேயே தலா ஏறக்குறைய 200 மி.மீ. பெய்யும். வருடம் முழுவதும் கூட்டினால் இரண்டு ஊருக்கும் அவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியாது. அந்த மொத்தத்தைப் பார்த்துத்தான் பலரும் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். மொத்தத்தில் என்ன இருக்கிறது, அது எந்த மாதத்தில் எந்த நேரத்தில் விழுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

காரணம் சிக்கலானதல்ல. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலிலிருந்து வந்து கிழக்குக் கரையிலுள்ள கிளந்தான், திரெங்கானு, பகாங் பக்கம் கொட்டிவிட்டு, தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டி வரும்போது ஈரம் குறைந்துபோகும். பூமத்திய ரேகையை ஒட்டி மழைமேகம் திரளும் பட்டையான மழைக்கச்சையும் அந்தச் சமயம் ரேகைக்குத் தெற்கே நகர்ந்திருக்கும். பினாங்கு ஏறத்தாழ ஐந்தரைப் பாகை வடக்கே இருப்பதால் வறண்டுவிடுகிறது. கோலாலம்பூர் மூன்று பாகைதான், ரேகைக்குப் பக்கம். அதனால் முழுதாக வறள்வதில்லை, உள்ளூர்ச் சூட்டில் எழும்பும் மேகமே தினசரி மழைக்குப் போதும். அந்த மழைக்கச்சை வருடத்தில் இரண்டு முறை கடந்து போவதால் கோலாலம்பூருக்கு இரண்டு உச்சம்: ஏப்ரலை ஒட்டி ஒன்று, அக்டோபர் நவம்பரில் பெரியது. ‘ஐப்பசி அடைமழை’ என்று தமிழ்நாட்டில் சொல்வது இங்கே தற்செயலாகப் பொருந்தும், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எதையும் காயவைக்க முடியாது. ஆனால் மற்ற மாதங்களுக்கு ஊர்ப் பழமொழியை எடுத்துவந்து ஒட்டாதீர்கள். கோலாலம்பூரில் மழை மிகக் குறைந்த மாதங்கள் ஜூன், ஜூலை, அதாவது வைகாசிப் பாதியிலிருந்து ஆடிப் பாதி வரை. ஜூனில் 150 மி.மீ.க்குள் அடங்கிவிடும்.

மாதக் கணக்கைவிட முக்கியம் மணிக் கணக்கு. கோலாலம்பூரில் நல்ல வெயில் நாளில் நிலம் சூடேறி, மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து கடற்காற்று உள்ளே வந்து, கோம்பாக், உலு லங்காட் மலையடிவாரத்தில் மேகமாக எழும்பி, மாலை மூன்றிலிருந்து ஏழுக்குள் கொட்டும். ஆகவே காலை எட்டரை முதல் மதியம் இரண்டு வரை என்பதுதான் இங்கே நம்பக்கூடிய வெயில் நேரம், ஐந்தரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் தை மாதத்தில் காலையில் போட்டதை மாலை ஆறு வரை விட்டுவைக்கலாம், ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். அங்கே இரண்டு நாளில் காய்வது இங்கே மூன்று, நான்கு நாள் எடுப்பதற்கு இதுவே காரணம். தென்மேற்குப் பருவத்தில், மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, இன்னொரு தொல்லை உண்டு. சுமத்ரா பக்கம் இரவில் திரளும் மேகவரிசை விடியற்காலையில் பலத்த காற்றோடு வந்து மேற்குக் கரை முழுவதும் அடித்துவிட்டுப் போகும். வானிலையாளர்கள் இதைச் சுமத்ரா ஸ்குவால் என்பார்கள். முந்தைய இரவு வெளியே கேன்வாஸ் போட்டு மூடிவிட்டுத் தூங்கினீர்களானால் அதையும் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் அது போனபின் பத்து மணிக்கு மேல் வெளுத்துவிட்டால், அன்று மாலை மழை இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். காற்று நிலைபெற்றுவிடும். அந்த நாள் வீண் என்று விட்டுவிட வேண்டாம்.

அடுத்தது உங்கள் வட்டாரம். மாலை மழை மேகம் ஒன்று சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். செந்தூலில் சாக்கடை வழிய, பிரிக்ஃபீல்ட்ஸில் தரை காய்ந்து கிடக்கும். சுபாங் வானிலை நிலையத்து அளவை வைத்து உங்கள் முற்றத்துக்குக் கணக்குப் போட முடியாது. மழைமானி ஒன்று நீங்களே வைத்துக்கொள்வது நல்லது, செலவே இல்லை. பக்கவாட்டில் வரிப்பள்ளம் இல்லாத, நேராக இருக்கும் ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்று எடுங்கள். கழுத்து குறுகத் தொடங்கும் இடத்தில் வெட்டி, மேல் துண்டைத் தலைகீழாக உள்ளே செருகி ஒட்டுங்கள். அடியில் கொஞ்சம் கூழாங்கல் போட்டால் காற்றுக்கு விழாது. அடிப்பாகம் வளைந்திருப்பதால், நேர்ச்சுவர் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூஜ்யம் என்று கோடு போட்டு, அதற்கு மேல் ஸ்கேல் ஒட்டுங்கள். வாயும் உடலும் ஒரே அகலமாக இருந்தால் ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் ஏறினால் ஒரு மில்லிமீட்டர் மழை, அதாவது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். வாய் சிறுத்துவிட்டால் கணக்கே தப்பு. சுவர், மரம், கூரை எதுவாக இருந்தாலும் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைக்க வேண்டும். தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் அவ்வளவு இடம் கிடைக்காது, கிடைப்பதில் திறந்த மூலையாகப் பார்த்து, கூரைத் தண்ணீர் தெறிக்காத இடத்தில் இடுப்பு உயரத்துக்கு வையுங்கள். தினமும் காலை எட்டு மணிக்குப் பார்த்து எழுதி, தண்ணீரைத் திரும்பப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் ஆவியாகி மறுநாள் கணக்குக் குறையும். தானாக அளக்கும் கருவிகளும் விற்கிறார்கள். அவற்றில் சின்னக் கரண்டி ஒன்று நிறைந்து நிறைந்து கவிழும், கவிழ்வதை எண்ணி மழையைக் காட்டும். எறும்பும் காய்ந்த இலையும் அடைத்தால் மழையே இல்லை என்று காட்டும், அடைமழையில் கரண்டி கவிழும் நேரத்தில் விழும் நீர் கணக்கில் வராது. போத்தலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

எழுதும்போது மில்லிமீட்டரோடு நிறுத்தாதீர்கள். முதல் துளி எத்தனை மணிக்கு விழுந்தது, எத்தனை மணிக்கு ஓய்ந்தது, அன்றைக்கு மழையே இல்லையென்றால் பூஜ்யம் என்று கட்டாயம். எழுதாமல் விட்ட நாளும் மழை பெய்யாத நாளும் பிறகு பார்க்கும்போது ஒன்றாகத் தெரியும். காயவைக்கிறவர்களுக்கு வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மதியம் இரண்டு மணிக்கு முன் மழை வராத நாட்கள், தொடர்ந்து மூன்று நாள் எப்போதெல்லாம் கிடைத்தது? ஒரே மாதத்தில் 200 மி.மீ. நான்கு இரவுகளில் கொட்டியிருந்தால் உங்களுக்குச் சேதமில்லை. 60 மி.மீ.தான், ஆனால் பதினைந்து நாள் மதியத் தூறலாகப் பெய்தால் ஒன்றும் காயாது. மாதச் சராசரி இதை ஒருபோதும் சொல்லாது.

மற்ற நிலையங்களோடு ஒப்பிடும்போது ஒரு கவனம் வேண்டும். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் பப்ளிக் இன்ஃபோ பன்ஜிர் தளத்தில் மாநிலவாரியாக ஒவ்வொரு நிலையத்து மழையும் இருக்கும், வீட்டுக்கு அருகிலுள்ள இரண்டு நிலையங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் நள்ளிரவிலிருந்து கூட்டிய அளவு ஒரு கட்டத்தில் இருக்கும். உங்கள் போத்தலோ காலை எட்டிலிருந்து எட்டு. காலை எட்டுக்குப் பார்த்ததை முந்தைய நாள் தேதியில் எழுதினால், விடியற்காலை மூன்று மணிக்குப் பெய்த மழை உங்கள் ஏட்டில் ஒரு நாளிலும் அங்கே அடுத்த நாளிலும் விழும். தேதி பொருந்தவில்லை என்று குழம்ப வேண்டாம், இரண்டு நாளைச் சேர்த்துப் பாருங்கள். அதே துறை மணிக்கு 10 மி.மீ. வரை லேசான மழை, 11 முதல் 30 மிதம், 31 முதல் 60 கனம், 60க்கு மேல் மிகக் கனம் என்று பிரிக்கிறது. 22 அடிக்கு 75 அடி வீட்டின் கூரையில் மணிக்கு 60 மி.மீ. விழுந்தால் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர். கூரைத் தகரக் கால்வாயில் இலை அடைத்திருந்தால் அது அத்தனையும் முன்வாசலில், உங்கள் சரக்குக்குப் பக்கத்தில்தான் விழும்.

முன்னறிவிப்புக்கு வானிலைத் துறையின் மைசுவாச்சா செயலி போதும். காலை, மதியம், இரவு என்று பிரித்துச் சொல்வார்கள். ‘ரிபுட் பெதிர்’, அதாவது இடிமின்னல் மழை, என்று பார்த்தவுடன் கைவிடாதீர்கள். கூடவே ‘சத்து டுவா தெம்பாட்’ என்றால் ஓரிரு இடம், வாய்ப்பு உங்கள் பக்கம். ‘பெபெராப்பா தெம்பாட்’, அதாவது சில இடங்கள், என்றால் மதியம் ஒரு மணிக்கே எடுத்துவிடும் ஏற்பாட்டோடு போடுங்கள். ‘கெபாஞாக்கான் தெம்பாட்’, பெரும்பாலான இடங்கள், என்றால் அன்றைக்குக் கழுவவே வேண்டாம். காலையில் கழுவும் முன்பும், பன்னிரண்டு மணிக்கும் ரேடார் படம் பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். சரக்கை ஒருமுறை கழுவிவிட்டால் பின்வாங்க வழியில்லை, அதனால் கழுவுவதற்கு முந்திய பத்து நிமிடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

காயவைக்கும் முறையையும் ஊருக்கேற்ப மாற்றியாக வேண்டும். கோலாலம்பூரில் ஒரே தடவையில் பத்துக் கிலோவுக்கு மேல் கழுவாதீர்கள், மழை வந்தால் ஒரே ஆள் ஐந்து நிமிடத்தில் உள்ளே தூக்கிவிடக்கூடிய அளவு அதுதான். தரையில் கேன்வாஸுக்குப் பதிலாகச் சட்டமிட்ட கம்பிவலைத் தட்டு, மூன்றடி உயரத்தில். காற்று கீழிருந்தும் போகும், தூக்குவதும் சுலபம். சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ மிளகாய்க்கு மேல் பரப்பக் கூடாது. கழுவும் முன் எடை போட்டு எழுதிவையுங்கள். பத்துக் கிலோ கழுவினால் பதினான்கு வரைகூட ஏறும், காய்ந்து முடியும்போது பத்துக்கும் கீழே, ஒன்பதே முக்கால் கிலோவுக்குள் வர வேண்டும். கையால் தொட்டுப் பார்த்துச் சொல்வதைவிடத் தராசு நம்பகமானது. மழைக்கு எடுத்ததை ஒருபோதும் குவிக்கவோ மூடிவைக்கவோ கூடாது, தட்டோடு உள்ளே வைத்து மின்விசிறியை முழு வேகத்தில் விடிய விடிய ஓடவிடுங்கள். ஈரப்பதமானி ஒன்று சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, மூடியில் கொஞ்சம் உப்பை ஈரமாக்கி, மானியோடு ஒரு டப்பாவில் அடைத்து மறுநாள் பாருங்கள், 75 விழுக்காடு காட்ட வேண்டும். மதியத்துக்கு மேல் வெயில் மங்கி வெளியே ஈரப்பதம் 70ஐத் தாண்டினால் எடுத்துவிடுங்கள், காய்ந்த மிளகாய் ஈரத்தைத் திரும்பக் குடிக்கும். இரண்டு நாள் முடிந்தும் எடை இறங்கவில்லையென்றால் மூன்றாம் நாள் வெயிலுக்காகக் காத்திராமல் மின்சார உலர்த்தியில் 55 முதல் 60 பாகை சூட்டில் முடித்துவிடுங்கள். ஒரு கிலோவாட் உலர்த்தி எட்டு மணி நேரம் ஓடினால் எட்டு யூனிட். கொட்டுகிற சரக்கோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை.

பருவமே மாறிவிட்டது என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் நிதானமாகப் பார்க்க வேண்டும். காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால் அது தாங்கும் நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். அதனால் பெய்யும்போது முரட்டுத்தனமாகப் பெய்கிறது. 2017 நவம்பர் 4, 5இல் பினாங்கில் ஒரே இரவில் 300 மி.மீ.க்கு மேல் கொட்டியது. 2021 டிசம்பர் 18இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாத மழைக்கும் அதிகமாக ஒரே நாளில் விழுந்தது, போத்தல் மானி வைத்திருந்தால் வழிந்தே போயிருக்கும். மறுபுறம், 2024இல் பினாங்கின் ஆயர் ஈத்தாம் அணை நீர்மட்டம் கவலைக்குரிய அளவு இறங்கியது. இவற்றுக்கு நடுவே 2020 முதல் 2023 தொடக்கம் வரை மூன்று வருடம் இங்கே மழையைக் கூட்டும் லா நினா, அதைத் தொடர்ந்து மழையைக் குறைக்கும் எல் நினோ. ஆகவே இரண்டு தை மாதம் நனைந்தது என்பதால் பினாங்கு வறட்சிப் பருவம் போய்விட்டது என்று முடிவுகட்டக் கூடாது. வானிலைத் துறைகள் சராசரி எடுக்க 30 வருடம் பார்க்கிறார்கள், இப்போது 1991 முதல் 2020 வரை உள்ளது அளவுகோல். தொழில் செய்கிறவர்கள் அந்தச் சராசரியை எப்போது முயலலாம் என்பதற்கு மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த வார முன்னறிவிப்பை முயல்வதா வேண்டாமா என்பதற்கு வைத்துக்கொள்ள வேண்டும். பினாங்கில் இருக்கிறவர்களும் இனி தை, மாசி முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல், மூன்று நாள் வறண்ட இடைவெளி பார்த்துப் போடுவதுதான் பாதுகாப்பு.

கோலாலம்பூரில் தீபாவளி ஆர்டர் எடுக்கிறவர்கள் ஐப்பசியில் கழுவிக் காயவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஜூன், ஜூலையிலேயே மிளகாய், மல்லி, மஞ்சளை முழுதாகக் காயவைத்து, அரைக்காமல் எடுத்துவையுங்கள். முழுதாக இருக்கும் சரக்கு தூளைவிட மணம் காக்கும், பூச்சியும் எளிதில் ஏறாது. அந்த மாதங்களில் புகைமூட்டம் வந்து காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் மட்டும் வெளியே போடாதீர்கள், கரி படியும். காய்ந்ததை வெயிலில் இருந்து எடுத்த சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்துவிடும். மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு, கனமான பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, அதை மூடியுள்ள டின்னில் வைத்து, டின்னைத் தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். மாதம் ஒருமுறை ஒரு பையைத் திறந்து இரண்டு மிளகாயைக் காது பக்கம் ஆட்டிப் பாருங்கள். விதை கலகலவென்று ஆடினால் சரி, சத்தமில்லாமல் ஒட்டிக்கிடந்தால் அன்றைக்கே உலர்த்தியில் போட்டெடுங்கள். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மில்லுக்குக் கொண்டுபோனால் போதும், வெளியே எவ்வளவு மழை பெய்தாலும்.